நிற்க முடியாவிட்டால் நின்றுவிடலாம்

கடை முழுக்க உட்காரும் சாமான்கள்தான். சோபா, சுழல் நாற்காலி, சாய்வு நாற்காலி என்று ஆள் நடக்க இடமில்லாமல் அடைத்துக் கிடந்தன. அத்தனைக்கும் நடுவில் அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். வலது குதிகால் தரையில் பட்டால் உயிர் போய் உயிர் வந்தது. அதனால் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, ஒரு சோபாவின் முதுகைப் பிடித்தபடி சிரித்த முகமாக நின்றாள்.

"இதுல ஒரு தடவை உக்காந்தா எழுந்திரிக்கவே மனசு வராது சார்" என்றாள், சோபாவில் கண்ணை மூடிக்கிடந்த வாடிக்கையாளரிடம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்லி விற்கிறாள். ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. பணியாட்கள் உட்கார்ந்தால் சாமான் பழசாகிவிடும் என்பது மேனேஜரின் கட்டளை. வாடிக்கையாளர் உட்கார்ந்தால் ஆகாதா என்று கேட்டால், அது வேறு உட்காரல். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் சுழல் நாற்காலியில் சுற்றிச் சுற்றி இதைக் கண்காணித்தார்.

குதிகால் வலிக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். மாமியார் உருளைக்கிழங்கு என்றார். "வாயுதான், வேற ஒண்ணும் இல்ல." பக்கத்து வீட்டுக்காரி குளிர்ந்த தரை என்றாள். மெத்தைப் பிரிவில் நிற்கும் சின்னவள், "உப்பு ஏதோ ரத்தத்துல ஏறிடுதாம்க்கா, போன்ல பாத்தேன்" என்றாள். லாரி ஓட்டும் கணவன்தான் நியாயமாகப் பேசினான். "எனக்கு உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு. உனக்கு நின்னு நின்னு காலு போச்சு. ரெண்டு பேரையும் ஒட்டவச்சா ஒரு முழு ஆளு தேறும்." சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் லாரிக்குப் பாதி நாள் லோடு இல்லை. வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் டாக்டரிடம் போனாள்.

"என்ன வேலைம்மா?"

"நாற்காலி கடையில டாக்டர்."

"அதானே பாத்தேன். நாள் பூரா உக்காந்தே இருந்தா இப்படித்தான் வரும். அப்பப்ப எழுந்து நில்லுங்க."

அவள் விஷயத்தை விளக்கினாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாதத்தைத் திருப்பிப் பார்த்து, பெருவிரலால் குதிகாலை அமுக்கினார். அவள் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

"அடியில இருக்கற சவ்வு வீங்கியிருக்கு. நின்னுக்கிட்டே இருக்கறதுதான் காரணம். செருப்பும் அப்பளமாட்டம் தேஞ்சு போயிருக்கு. மாத்திரை தரேன். ஆனா நிக்கறத குறைச்சாத்தான் மாத்திரை கேக்கும்."

மறுநாள் மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "ஒரு ஸ்டூல் போதும் சார். ஆளு வராத நேரத்துல மட்டும்."

"ஸ்டூல் போட்டா கடை மாதிரியா இருக்கும்? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்." மேனேஜர் நாற்காலியில் கால்வட்டம் சுற்றினார். "நிக்க முடியலன்னா நின்னுடுங்கம்மா. வெளிய எத்தனையோ பேர் இங்க நிக்கறதுக்குன்னே நிக்கறாங்க."

வெளியே வந்து அதைச் சொன்னதும் சின்னவளுக்குத் தலை சுற்றியது. "நிக்க முடியாதவ எப்படிக்கா நிக்கிறது?"

"வேலையில நிக்கணும்னா நிக்கணும். நிக்க முடியலன்னா நின்னுடணும். எப்படிப் பார்த்தாலும் உக்கார வழியில்லடி."

சொல்லிவிட்டு இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு அழுகையும் கூடவே வந்தது.

அந்த வாரம் ஒரு அம்மாள் சாய்வு நாற்காலி வாங்க வந்தார். முதுகு பிடித்துக்கொண்டதில் விறைப்பாக நின்றார். "என்னால சட்டுன்னு உக்காந்து எழுந்திரிக்க முடியாதும்மா. நீ உக்காந்து காட்டு, நான் பாத்துக்கறேன்."

அவள் கண்ணாடி அறையைப் பார்த்தாள். வாடிக்கையாளர் சொல்லைத் தட்ட முடியாது. மெல்ல உட்கார்ந்து, பக்கத்துக் கைப்பிடியை இழுத்தாள். முதுகு சாய்ந்தது, கால்பலகை எழும்பியது, குதிகால் அந்தரத்தில் நின்றது. தன்னையறியாமல் "அப்பாடா" என்றாள்.

"இதையே பில் போடச் சொல்லு" என்றார் அந்த அம்மாள்.

அதற்குப் பிறகு அவளே கேட்க ஆரம்பித்தாள். "உக்காந்து காட்டட்டுமா சார்?" அந்த அப்பாடாவில் பொய் இல்லாததால் சாய்வு நாற்காலிகள் சூடாக விற்றன. சின்னவளும் மெத்தையில் படுத்துக் காட்டத் தொடங்கினாள். ஒருநாள் அவள் லேசாகக் குறட்டை விட்டுவிட, வந்தவர்கள் வேறு மெத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜரும் பார்த்தார். பில் புத்தகத்தையும் பார்த்தார்.

மாதக் கடைசியில் அவளைக் கூப்பிட்டார். அவள் போய் எதிரில் நின்றாள்.

"ஆளு உக்காந்திருந்தா நல்லா விக்குதுன்னு முதலாளிகிட்ட சொன்னேன். அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. திங்கக்கிழமையிலேருந்து நிரந்தரமா உக்கார வச்சிடலாம்னுட்டார்."

அன்று வீட்டுக்கு அவள் நடந்ததே தெரியவில்லை. கணவன் கையைத் தட்டிச் சிரித்தான். "ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கும் உக்கார்ற வேலையா! ஊரு கண்ணு படப்போகுது." மாமியார்கூட உருளைக்கிழங்கு வாங்கிவரச் சொன்னார்.

திங்கட்கிழமை இருப்பதில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு வந்தாள். கடை நடுவில் ஒரு நீளப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் பொம்மை வந்தது. இடுப்பும் முழங்காலும் மடங்கியிருந்தன. வேறு வேலைக்கு அதை வைக்கவே முடியாது. சாய்வு நாற்காலியில் அழகாகப் பொருந்தியது.

"இனிமே நீங்க உக்காந்து காட்ட வேண்டாம்" என்றார் மேனேஜர். "பக்கத்துல நின்னு விலையைச் சொன்னா போதும்."

அவள் பக்கத்தில் நின்றாள். வாரம் முழுக்க நின்றாள். சனிக்கிழமை மேனேஜர் பொம்மையைச் சுற்றிவந்து பார்த்தவர், கால்பலகையருகே குனிந்து பதறிப்போனார். பொம்மையின் குதிகாலில் பெயிண்ட் லேசாக உரிந்திருந்தது. தன் அறைக்கு ஓடி, தன்னுடைய பஞ்சுத் திண்டை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார்.

அவள் பொம்மையின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திண்டை அடியில் சொருகினாள்.

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வைங்கம்மா" என்றார் மேனேஜர். "குதிகால் அழுந்தக் கூடாது."