குரல் உடைந்தால் நல்லது

1

இந்தக் கதை ஒரு திருட்டுத்தனத்தில் பிறந்தது. நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அசிங்கம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை ஒரு பயிற்சி மையம் நடத்துகிறாள். குடியிருப்புக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டு வாரத்தில், அக்கம்பக்கத்தாரைக் கூட்டி நியாயம் கேட்கத் தெரிந்த தலைவராக ஆக்குவார்கள். ஆளுக்கு ஒரு வழிகாட்டி. ஒரு வழிகாட்டி கடைசி நேரத்தில் கழன்றுகொள்ள, என்னை இழுத்துப் போட்டாள்.

"அண்ணா, ஒரே ஒரு விதிதான். அவங்களுக்காக நீ பேசக் கூடாது, எழுதவும் கூடாது. கூட்டத்துல கடைசி வரிசையில வாயை மூடிட்டு உட்காரணும்."

"தொடர்கதை எழுதுறவனைப் போய் எழுதாதேங்கிறியே?"

"உனக்கும் பயிற்சின்னு வெச்சுக்கோ."

2

கதாநாயகியை அறிமுகப்படுத்த வேண்டும். எழுதிப் பார்த்தவை:

ஏழாவது மாடியில், விதியோடு போராடும் ஒரு

(வேண்டாம். அவர் விதியோடு போராடவில்லை, லிப்டோடு போராடினார்.)

அவள் கண்களில் தெரிந்த அந்தத் தீ

(கண்களை நான் கவனிக்கவே இல்லை.)

நேராகவே சொல்கிறேன். தையல்காரர். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும், அதனால் எல்லோருக்கும் 'டேப் அக்கா'. கணவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. லிப்ட் நின்று நான்கு மாதம். நான்கு மாதமாக அந்த மனிதர் தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்.

பன்னிரண்டாம் வாரம் வீட்டு வசதி வாரியப் பொறியாளர் அம்மா குடியிருப்புக் கூட்டத்துக்கு வருவதாக இருந்தது. லிப்ட் இந்த ஆண்டுப் பழுதுபார்ப்புப் பட்டியலில் ஏறுமா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகுமா என்பது அவர் எழுதும் குறிப்பில் இருந்தது.

டேப் அக்கா மையத்தில் சொன்னபடி ஒரு நோட்டோடு மாடி மாடியாக ஏறி இறங்கினார். கதவைத் தட்டு, கேள், எழுது, பதில் பேசாதே. அதுதான் பயிற்சியின் முக்கால் பங்கு. எனக்கோ கொட்டாவி வந்தது.

"சார், நாலாவது மாடி அம்மா தண்ணி கேனைக் கயித்துல கட்டி இழுக்கிறாங்க. அதைச் சொல்லலாமா?"

"எடுபடாதும்மா. மனசைப் பிழியற மாதிரி ஒரு விஷயம் போதும். வீட்டுக்காரரைப் பத்திப் பேசுங்க."

"அவருக்குப் பிடிக்காது சார்."

"நான் எழுதித் தர்றேன்."

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். இதுதான் அந்தத் திருட்டுத்தனம்.

3

கீழ்த்தளம், லிப்ட் கதவுக்கு எதிரே கூட்டம். நான்கு பேர் பெயின்டரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏழு மாடி இறங்கி வந்தார்கள். முதல் வரிசையில் இறக்கி வைத்தார்கள். எல்லாம் என் ஏற்பாடு.

டேப் அக்கா என் தாளை வாசித்தார். நன்றாகவே வாசித்தார். இரண்டாம் பத்தியில் கொஞ்சம்கூடக் குரல் மாறாமல் தொடர்ந்தார்:

"அடைப்புக்குறி. இங்கே கணவரைக் காட்டவும். இரண்டு நொடி நிறுத்தவும். குரல் உடைந்தால் நல்லது. அடைப்புக்குறி முடிந்தது."

அது வாசிப்பதற்கல்ல, எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்கு நான் எழுதிய குறிப்பு.

பொறியாளர் பேனாவை மூடினார்.

"என்னைக் காட்டத்தான் தூக்கிட்டு வந்தீங்களா?" என்றார் பெயின்டர், மனைவியிடம்.

"எழுதினது நான் இல்ல. ஆனா கையில வாங்கிட்டு வந்தது நான்தான். அது தப்பு." தாளை நான்காக மடித்தார். நோட்டைத் திறந்தார். "நாலாவது மாடி அம்மா, உங்க விஷயத்தை நீங்களே சொல்லுங்க."

அந்த அம்மா எழுந்தார். பிறகு இரண்டாவது மாடி, ஆறாவது மாடி. ஒன்பதாவது ஆள் பேசும்போது பேனா மறுபடி திறந்தது.

கடைசியாக, "நீங்க பேசறீங்களா?" என்று டேப் அக்கா கணவரைக் கேட்டார்.

"என் காலைப் பத்திப் பேச ஒண்ணுமில்ல. இந்த நாலு பேருக்கும் தோள் போயிடுச்சு. மறுபடி ஏழு மாடி இவங்க என்னைச் சுமக்க வேண்டாம். லிப்ட் ஓடுற அன்னைக்கு நான் மேல போறேன். அதுவரைக்கும் இங்கேதான்."

"ஐயா, அப்படியெல்லாம்..." என்று தொடங்கிய பொறியாளர் நிறுத்திக்கொண்டார். "ஒரு வாரத்துல பதில் வரும்," என்றார்.

4

வேண்டுமென்றே வாசித்தாரா, பதற்றத்தில் வாய் தவறியதா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் பொருந்துகின்றன. கேட்டால், "தாள்ல இருந்துச்சு, வாசிச்சேன்," என்கிறார்.

என் தங்கை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "பயிற்சில தேறினது ஒருத்தர்தான்," என்று மட்டும் சொன்னாள்.

5

இன்று ஆறாம் நாள். பெயின்டர் லிப்ட் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கட்டில் வந்துவிட்டது, தையல் மெஷினும் இறங்கிவிட்டது. பதில் வரவில்லை.

இந்தக் கதைக்கு இரண்டு முடிவு எழுதி எடுத்துப் போனேன். ஒன்றில் லிப்ட் விளக்கு எரிகிறது. இன்னொன்றில் மழை இரவு, காய்ச்சல், நாற்காலி காலி. டேப் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு இரண்டையும் படித்தார்.

"இதுல எதை அவர்கிட்ட கேட்டு எழுதுனீங்க சார்?"

"எதையும் கேட்கல."

"அவர் இங்கே ரெண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்காரு."

"ஆமா."

"அப்போ நீங்க இன்னும் முதல் வாரத்துலதான் இருக்கீங்க." இரண்டு முடிவையும் பென்சிலால் அடித்தார். டிராயரிலிருந்து ஒரு புது நோட்டு எடுத்து என் மடியில் வைத்தார். "முதல் மாடியிலேர்ந்து ஆரம்பிங்க. பதில் பேசாதீங்க."

முதல் மாடியை முடித்துவிட்டேன். அடுத்த கதவு உங்களுடையது. தட்டுகிறேன். லிப்ட் வருமா, அவர் மேலே போவாரா, நாளை ஏழாம் நாள் என்ன ஆக வேண்டும்? சொல்லுங்கள். பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன். இந்த முறை அடைப்புக்குறிக்குள் நான் எதுவும் எழுதப் போவதில்லை.

(                    )