இரண்டாம் பாகத்துக்கு எதிராக ஒரு மகஜர்

படம் தொடங்கி ஆறாவது நிமிடத்தில் ஹமீட் கதிரையை விட்டெழுந்து தொலைக்காட்சிக்கு முன்னால் போய் நின்றான். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அதனிடமே கேட்டான்.

"யாருக்கிட்டக் கேட்டுடா இவன மவுத்தாக்கின?"

தொலைக்காட்சி பதில் சொல்லவில்லை. நளீம்தான் சொல்ல வேண்டியிருந்தது. கடை அவனுடையது. காலையில் கொழும்பு பஸ்ஸில் வந்திறங்கிய கள்ளக் கொப்பி சீடியும் அவனுடையது. ஆகவே அதில் யார் செத்தாலும் பொறுப்பு அவனுடையது.

"இரி மச்சான். படம் இன்னும் கிடக்கு."

"என்ன கிடக்கு? கப்றக் காட்டிட்டானுகள். கப்றுக்குப் பிறகு என்ன கிடக்கு?"

கேள்வி நியாயமானது. திரையில் விண்கப்பல் தளபதி, தன் தம்பியின் கல்லறைக்கு முன்னால் தலைகுனிந்து நின்றிருந்தார். "தம்பி, நீ செத்து ஒரு வருஷமாச்சு" என்று சென்னை டப்பிங் தமிழில் விம்மினார். கடைக்குள் இருந்த பதினேழு பேரும் ஒரே நேரத்தில் "ச்சீ" என்றார்கள்.

அது இரண்டாயிரத்து ஒன்பது ஜூன் மாதம், ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டு வந்திருந்த வெள்ளிக்கிழமைப் பிற்பகல். போர் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கல்முனையில் பயப்படுவதற்கு இருந்தவை ஒவ்வொன்றாகக் குறைந்ததால், கோபப்படுவதற்கு ஆட்களுக்கு நேரம் கிடைத்திருந்தது. அந்தக் கோபம் முழுவதும் இப்போது நளீமின் சீடிக் கடைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

கோபத்துக்குக் காரணம் பதினைந்து வருடப் பழையது.

தொண்ணூற்று நான்கில் நளீமின் மாமா சவூதியிலிருந்து ஒரு வீடியோ கசெட் கொண்டுவந்தார். ஆங்கிலப் படம். விண்வெளியில் போகும் கப்பல், பார்ப்பதற்குக் கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி இருக்கும். ஆகவே ஊரில் அதற்குத் தோணிப் படம் என்று பெயர். அப்போது நளீமின் கடை கடற்கரை வீதியில் இருந்தது. பாய் விரித்து, வீடியோ டெக் போட்டு, சனங்களை உட்கார்த்தி, ரீவிக்குப் பக்கத்தில் ஒரு தடியோடு நின்று நளீம் படத்தைத் தமிழில் விளங்கப்படுத்துவான். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்தில் சித்தியடைந்தவன் அந்தத் தெருவில் அவன் ஒருவன்தான். எத்தனையாவது தடவையில் சித்தியடைந்தான் என்பது அந்தத் தெருவுக்குத் தெரியாது.

படம் ஒரு மணி நாற்பது நிமிடம் நன்றாக ஓடும். கடைசியில் கப்பல் உடையும். எல்லோரும் தப்பட்டும் என்று தளபதியின் தம்பி முறிந்த கதவைத் தன் முதுகால் தாங்கிக்கொண்டு நிற்பான். கதவு பிய்யும். அந்த இடத்தில் திரையில் கோடுகள் விழுந்து, வெள்ளைத் தொப்பி போட்ட பருத்த அறபி ஒருவர் தோன்றி, ஒரு முழு ஆட்டின் வயிற்றுக்குள் சோறு அடைக்கத் தொடங்குவார். சவூதியில் மாமாவோடு ஒரே அறையில் இருந்த யாரோ ஒருவர் முடிவுக்கு மேலேயே சமையல் நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டிருந்தார்.

முதல் நாள் அந்த ஆட்டைக் கண்டதும் நளீம் பாய்ந்து ரீவியை நிறுத்தினான். திரும்பிப் பார்த்தால், முப்பது முகங்கள் மையித்து வீட்டில் இருப்பது போல் இருந்தன. அவனுக்குத் தாங்கவில்லை. தடியை உயர்த்தினான்.

"மவுத்தாகல்ல! அவன் மவுத்தாகல்ல! காத்து அள்ளிட்டுப் போய் மற்றப் பக்கம் போட்டுட்டு. அங்க ஒரே வெள்ள மணல். தாடி வளத்துக்கிட்டு ஹயாத்தோட இரிக்கான். ரெண்டாம் பாகத்தில வருவான்!"

சனங்கள் கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த வருடம் படம் நாற்பது தடவைக்கு மேல் ஓடியது. ஒவ்வொரு தடவையும் தாடி கொஞ்சம் வளர்ந்தது. ரீவியை நிறுத்த நளீமின் கை பிந்திய நாட்களில் ஆடு தெரிந்துவிட்டதால், தம்பிக்காரன் அந்த மணலில் ஆடு வளர்க்கவும் வேண்டி வந்தது.

இரண்டாம் பாகம் வரவேயில்லை. இரண்டாயிரத்து நான்கு மார்கழியில் கடல் வந்து கடையையும் கசெட்டுகளையும் சேர்த்துக் கொண்டுபோனது. ஒரு மாதத்துக்குக் கடற்கரை முள்ளுக்கம்பி வேலிகளில் கசெட் நாடாக்கள் சிக்கி, காற்றில் மினுங்கிக்கொண்டு கிடந்தன. கசெட் போனது நளீமுக்குக் கவலை. சாட்சி போனது ஆறுதல்.

பிறகு அமெரிக்காக்காரன் பழைய படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது முகங்களை வைத்து முதலிலிருந்து தொடங்கினான். அந்த முதற் படம் கல்முனைக்கு வரவில்லை, அது வெளியான வருடத்தில் ஊர் இருந்த நிலையில் யாரும் தேடவுமில்லை. இப்போது வந்திருப்பது அதன் இரண்டாம் பாகம். அதில் ஆறாம் நிமிடத்தில் கப்று.

மீதிப் படத்தை அவர்கள் பார்க்கவில்லை, விசாரித்தார்கள். தளபதிக்கு மீசை இல்லை. தோணி தோணி மாதிரி இல்லை, சலவைக்கல் பதித்த குளியலறை மாதிரி இருந்தது. பூமி அழியப் போகிற நேரத்தில் பொம்பிளைப் பிள்ளை கண்ணாடி பார்க்கிறாள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது முனாப் சேர் எழுந்து நின்றார்.

முனாப் சேர் பாடசாலையில் சமூகக் கல்வி படிப்பித்து ஓய்வுபெற்றவர். சுனாமிக்குப் பிறகு வீடு கேட்டு, தண்ணீர் கேட்டு, வீதி கேட்டு, கொடுத்த வீட்டில் கூரை கேட்டு அவர் எழுதிய மகஜர்கள் அறுபதுக்கு மேல். ஊரில் யாருக்கு என்ன குறை என்றாலும் அவருடைய கை தானாகவே சேர்ட் பையிலிருக்கும் பேனைக்குப் போய்விடும்.

"மகஜர் அனுப்புவம்" என்றார்.

"யாருக்கு சேர்?" என்றான் நளீம்.

"படக் கொம்பனிக்கு. பிரதி, பிரதேச செயலாளருக்கு."

"அவருக்கு என்னத்துக்கு?"

"பிரதி போடாத மகஜர் மகஜரே இல்ல நளீம். நான் தமிழில சொல்றன், நீ இங்கிலீசில எழுது. ஒண்டு: கீழே கையொப்பமிடும் கல்முனைப் பிரதேச வாழ் ரசிகர்களாகிய நாம், தளபதியின் தம்பி உயிருடன் இருப்பதை நேரில் அறிவோம்."

"நேரில எப்பிடி சேர்?"

"எழுது!"

நளீம் கொப்பியை எடுத்தான். பேனையைத் திறந்தான். எழுதாமல் கடையின் மூலையைப் பார்த்தான். அவனுக்குப் படத்தைப் பற்றிய கவலை அன்று முழுவதும் அந்த மூலையில்தான் இருந்தது.

மூலையில் ஜீவராஜ் உட்கார்ந்திருந்தான். பக்கத்துப் பாண்டிருப்புக்காரன், வயல் செய்கிறவன், ஊர் முஸ்லிம்களைப் போல நளீமை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன். பதினைந்து வயதில் தன் தம்பி மதுஷனைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு தோணிப் படம் பார்க்க வந்தவன். எத்தனை தடவை வந்தார்கள் என்று நளீமுக்கு நினைவில்லை. மதுஷன் எப்போதும் முன் பாயில் உட்காருவான், முடிவு சொல்லும்போது வாயைப் பொத்திக்கொள்வான், அது நினைவிருந்தது. அழுகையை அடக்குகிறான் என்று நளீம் நினைத்துக்கொள்வான்.

கடல் வந்த காலையில் இருபத்தொரு வயது மதுஷன் சைக்கிளில் கரைப் பக்கம் போயிருந்தான். சைக்கிள் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. நான்காம் நாள், நளீம் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டிருந்த பாடசாலை முகாமுக்கு ஜீவராஜ் தேடி வந்தான். ஒவ்வொரு வகுப்பறையாகப் பார்த்தான். கடைசியில் நளீமுக்கு முன்னால் வந்து நின்று சொன்னான்: "மற்றப் பக்கம் போயிட்டான் போல, காக்கா."

அது நளீமின் வசனம். தடியை உயர்த்தி நாற்பது தடவைக்கு மேல் அவன் சொன்ன வசனம். கட்டிக்கொண்டிருந்த பார்சலை வைத்துவிட்டு நளீம் தேம்பித் தேம்பி அழுதான். அதற்குப் பிறகு ஜீவராஜ் கடைக்கு வந்து போனாலும் மதுஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலரை வருடமாக அந்த வசனம் மீன்முள் மாதிரி நளீமின் தொண்டையில் கிடந்தது. தன் புளுகை நம்பி ஒரு மனிதன் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறானோ? இன்றைக்கு அவனைக் கூப்பிட்டு உட்கார்த்தி, கப்றையும் காட்டியாயிற்று.

நளீம் பேனையை மூடினான்.

"சேர், இது எழுதேலாது. அந்த முடிவு படத்தில இல்ல. நான் உண்டாக்கின பொய்."

"என்ன சொன்ன?" என்றான் ஹமீட்.

"தம்பிக்காரன் மவுத்து. அப்பவே மவுத்து. கசெட்டில முடிவு அழிஞ்சி போயிருந்திச்சி. வெள்ள மணலும் இல்ல, தாடியும் இல்ல. எல்லாம் நான் விட்ட கயிறு. அல்லாஹ்வுக்காக என்ன மன்னிச்சிக்கங்க."

இதைச் சொல்ல நாலரை வருடம் பிடித்திருந்தது. கதிரை பறக்கும் என்று எதிர்பார்த்தான். ஹமீட் சிரித்தான், நல்ல சிரிப்பில்லை.

"இஞ்ச பாரு, பொய் சொல்றான். மச்சான், நான் இந்தக் கண்ணால பாத்தன்டா தாடிய."

"நீ பாக்கல்ல. நான் சொன்னன்."

"செம்பட்டத் தாடி" என்றார் முனாப் சேர் உறுதியாக. "வலப் பக்கம் கொஞ்சம் நீளம்."

"சேர், நீங்களுமா?"

"தாடிய விடு. ஆடு? ஆட்டையும் பாத்தமே!" என்றான் ஹமீட்.

"ஓம், ஆட்டப் பாத்தம்!" என்று பின்வரிசை எழுந்தது.

"அது சமைக்கிற ஆடு!" என்று நளீம் கத்தினான். "வயித்துக்குள்ள சோறு இருந்திச்சி!"

"இவனுக்குக் கொம்பனிக்காரன் ஏதோ குடுத்திருக்கான்" என்றான் ஹமீட். "கொழும்பு பஸ்ஸில சும்மாவா சீடி வரும்?"

தான் சொன்ன பொய்யிடமிருந்து தன்னைக் காப்பாற்ற ஆளில்லாமல் நளீம் பின்கதவால் வெளியே போனான். கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியும் ஒரு முருங்கை மரமும் இருந்தன. தாங்கியில் முகத்தைக் கழுவி நிமிர்ந்தபோது ஜீவராஜ் பின்னால் நின்றான்.

"காக்கா."

"ஜீவா, நீயாவது நம்பு. அது பொய்தான்."

"தெரியும் காக்கா."

"எப்பயிருந்து?"

"முதல் நாளிலயிருந்து. தம்பிதான் சொன்னான். வீட்ட போற வழியெல்லாம் சைக்கிள் பாரில இருந்துகொண்டு சிரிப்பான். 'அண்ண, இந்த நளீம் காக்காவப் போல அண்டப்புளுகன் இந்த மாவட்டத்திலயே இல்ல. இண்டைக்கு ஆட்டையும் சேத்திட்டார், நாளைக்கு என்னத்தச் சேக்கிறார் எண்டு பாக்க வரோணும்' எண்டுவான். அதுக்காகத்தான் திரும்பத் திரும்ப வந்த நாங்க. படத்துக்கில்ல."

முன் பாயில் மதுஷன் பொத்திய வாய் நளீமுக்கு நினைவுக்கு வந்தது.

"அழுறான் எண்டெல்லே நான் நினைச்சன்."

"அவனா? வீட்டில பேனை துலைஞ்சாலும் அதான், மாடு துலைஞ்சாலும் அதான். 'மற்றப் பக்கம் போயிட்டு, ரெண்டாம் பாகத்தில வரும்.' எங்கட அம்மாவுக்கே அந்தப் பேச்சுப் பழகிட்டு."

"அப்ப... முகாமில நீ வந்து சொன்னது?"

ஜீவராஜ் முருங்கை மரத்தைப் பார்த்தான்.

"நாலு நாளாப் பிணம் பிரட்டிப் பிரட்டிப் பாத்துக்கொண்டு வந்தன் காக்கா. உங்களக் கண்டதும் அவன்ட பகிடி ஞாபகம் வந்திட்டு. ஒருக்காச் சிரிப்பம் எண்டுதான் சொன்னன். நீங்க சிரிக்கல்ல. குழறிட்டீங்க."

"யா அல்லாஹ்."

"சோத்துப் பார்சல வச்சிட்டு அழுத உங்கள நான் தேற்ற வேண்டியதாப் போச்சி. பிறகு, இந்த மனிசனிட்ட அந்தக் கதைய எடுக்கப்படாது எண்டு விட்டிட்டன்."

"நான் நினைச்சன், நீ இன்னும் அவன் வருவான் எண்டு..."

"மரண சேட்டிபிக்கட் அந்த வருசமே எடுத்திட்டன் காக்கா. எனக்கு வயல் இருக்கு, அம்மா இருக்கிறா. என்னெண்டு பாத்துக்கொண்டிருக்கிற?"

உள்ளே முனாப் சேர் மூன்றாவது பந்தியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டின் நிறம் குறித்துச் சபையில் கருத்து வேறுபாடு இருந்தது.

"வாங்க" என்றான் ஜீவராஜ். "எழுதிக் குடுங்க. இல்லாட்டி ஆக்கள் வீட்ட போகமாட்டாங்க."

நளீம் போய் எழுதினான். நேரில் அறிவோம் என்று எழுதினான், செம்பட்டைத் தாடி என்று எழுதினான், வலப் பக்கம் நீளம் என்றும் எழுதினான். ஆடு கறுப்பு என்று கையுயர்த்தி முடிவானதால் கறுப்பு என்று எழுதினான். தன் ஆங்கிலத்தில் அதைப் படித்துப் பார்க்கும் அமெரிக்காக்காரனை நினைத்து அவனுக்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் என்று முனாப் சேர் அடிமட்டம் வைத்துக் கோடு கீறினார். அடையாள அட்டை இலக்கம் அமெரிக்காவுக்கு எதற்கு என்று கேட்க நளீமுக்கு உடம்பில் தெம்பில்லை. பதினேழு பேரும் வரிசையில் நின்று கையெழுத்திட்டார்கள். ஜீவராஜும் இட்டான்.

எல்லோரும் வெளிக்கிடும்போது வாசலிலிருந்து ஹமீட்டின் சத்தம் கேட்டது. ஒற்றைக் காலில் நின்று குனிந்து செருப்புக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"என்ட மற்றச் செருப்பு எங்கடா? புதுச் செருப்பு! இண்டைக்கு எனக்கு நடந்த அநியாயம் போதாதா?"

ஜீவராஜ் அவனைத் தாண்டிப் போனான். முகத்தில் ஒரு மாற்றமுமில்லை.

"மற்றப் பக்கம் போயிட்டு, ஹமீட் காக்கா. ரெண்டாம் பாகத்தில வரும்."

நளீமுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டான். பிறகு பிடித்தும் நிற்க முடியாமல் கதிரையில் விழுந்து, கண்ணில் தண்ணீர் வழிய, முன் பாயில் இருக்கும் பொடியனைப் போல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வாசலில் ஜீவராஜ் திரும்பிப் பார்த்தான். நாலரை வருடம் பிந்தி வந்த சிரிப்பைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான்.

"பாரு, பாரு, செருப்புத் துலைஞ்சதுக்குச் சிரிக்கான்" என்றான் ஹமீட். "இவன்தான் ஒளிச்சிரிக்கான்."

முனாப் சேர் மகஜரை நளீமின் முழங்கைக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்தார். கண்ணீர் விழுந்து இரண்டு கையெழுத்துக்கள் கலங்கியிருந்தன.

"நளீம்! பதினேழு பேர்ர மனவேதன இதில கிடக்கு. நீ சிரிக்கா!" அவர் புதுத் தாளொன்றை எடுத்து மேசையில் வைத்தார். "முதலாம் பந்தியிலயிருந்து திரும்ப எழுது."