உடன் வசிப்பவர்

நான் உள்ளே நுழைந்ததும் வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் டையைத்தான் முதலில் பார்த்தாள்.

"அங்கிள், யாருக்குக் கல்யாணம்?" என்று சிரித்தாள். "எங்க பாஸே சிலிப்பர் போட்டுக்கிட்டுத்தான் வருவாரு லா."

அவள் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் சுஹானா என்று இருந்தது. பிஷப் தெருவில் பழைய கடைவீட்டைப் புதுப்பித்துக் கட்டிய சிறிய ஹோட்டல். வரவேற்பு மேசைக்குப் பகல் நேர ஆள் வேண்டும் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். கப்பல் கம்பெனியில் முப்பத்தாறு வருடம் வேலை செய்து, தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன் நான். நற்சான்றுக் கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். அவள் அவற்றைப் பிரிக்கவே இல்லை.

எனக்குப் பணக் குறை கிடையாது. போன மாதம் சந்தையில் மீன்காரரிடம் விலை கேட்க வாய் திறந்தேன், குரல் எழும்பவில்லை. யோசித்துப் பார்த்தால், அதற்கு முந்தைய மூன்று நாளும் நான் யாரிடமும் பேசியிருக்கவில்லை. அன்றுதான் வேலை தேடுவதென்று முடிவு செய்தேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரத் தம்பதி படகுத்துறைக்கு வழி கேட்டு வந்தார்கள். எழுந்து நின்று ஆங்கிலத்தில் வழி சொல்லி அனுப்பினேன். சுஹானாவின் முகம் மலர்ந்தது.

"வேலை உங்களுக்குத்தான் அங்கிள். இந்த ஃபார்ம் மட்டும் எழுதிக் குடுங்க. வீட்ல கூட இருக்கறவங்க பேரு, நம்பர் கண்டிப்பா வேணும். போன வருஷம் ஒருத்தர் இங்கேயே மயங்கி விழுந்துட்டாரு. யாருக்குச் சொல்றதுன்னே தெரியல. தனியா இருக்கற வயசானவங்க வேணாம்னு பாஸ் சொல்லிட்டாரு."

மகன் யசோதரன் மெல்பர்னில் இருக்கிறான். நான் வேலை தேடுவது அவனுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுச் சந்திரசேகரனைக் கேட்டிருந்தால் என்னோடு இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள், விஸ்வலிங்கத்தை மகன் கைவிட்டுவிட்டான் என்று கோயில் முழுக்கப் பேச்சாகிவிடும். என் பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்ல நான் இடம் கொடுத்ததில்லை.

செல்வநாயகி என்று எழுதினேன். உறவு: மனைவி. வீட்டுத் தொலைபேசி எண். அவள் இறந்து நான்கு வருடமாகிறது. எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை.

சுஹானா அப்போதே அந்த எண்ணை அழுத்தி, கைப்பேசியை மேசையில் வைத்தாள். ஆயர் ஈத்தாமில் என் வீட்டுத் தொலைபேசி மணி அடிப்பது எங்கள் இருவருக்கும் கேட்டது. கம்பெனியிலிருந்து நான் அழைத்த நாட்களில் இரண்டாவது மணிக்கு மேல் அது அடித்ததே இல்லை. இப்போது அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரும் எடுக்கலியே அங்கிள்."

"கோயிலுக்குப் போயிருப்பா, பிள்ளை."

"பரவால்ல. ரெண்டு மணிக்கு மறுபடி அடிக்கிறேன். ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா போதும், திங்கட்கிழமை வந்துடுங்க. டை வேணாம் லா!"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பேருந்து பிடித்து வீடு சேர்ந்தபோது மணி ஒன்றேகால். சாப்பிடவில்லை. தொலைபேசிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தொலைபேசியின்மேல் செல்வநாயகி பின்னிய வெள்ளை உறை இன்னும் கிடக்கிறது.

சரியாக இரண்டுக்குத் தொலைபேசி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

எழுந்து நின்று டையைச் சரிசெய்துகொண்டு தொலைபேசியை எடுத்தேன்.