கதம்பக் கொக்கி

எங்கள் பட்டறையில் மட்டமான வார்ப்பு உலோகத்துக்குக் கதம்பம் என்று பெயர். துத்தநாகம், ஈயம், கொஞ்சம் அலுமினியம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சட்டியில் போட்டு உருக்கி ஊற்றிய சரக்கு. பொம்மைக் கார், மலிவுப் பூட்டு, குழாய்க் கைப்பிடி எல்லாம் அந்த வகையறா. நாளடைவில் அந்தச் சொல் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. நம்பி உட்கார முடியாத ஸ்டூல் கதம்பம். ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்லிவிட்டு வராத எலக்ட்ரீஷியன் கதம்பம். என் அண்ணன் கொடுக்கும் வாக்கெல்லாம் சுத்தக் கதம்பம். அந்தச் சொல்லை அதிகம் வீசியவன் நான்தான். நான் லேத் ஓட்டுகிறவன். எஃகைத் தவிர வேறெதையும் மதித்ததில்லை.

வார்ப்பு வேலை முழுக்க அண்ணியின் கையில். கதம்பச் சாமான் உடைந்து வந்தால் நான் முகத்தைச் சுளிப்பேன். அவர் வாங்கி வைத்துக்கொள்வார்.

பக்கத்துத் தெரு முடிதிருத்துகிறவர் ஒரு நாள் தன் நாற்காலியின் கொக்கியைக் கழற்றி எடுத்து வந்தார். சவரத்துக்கு ஆளைச் சாய்க்கும்போது, முதுகுப் பலகையின் அடியில் உள்ள பித்தளைப் பல்வரிசையில் மாட்டிக்கொண்டு தாங்குகிற கொக்கி அது. முனை மழுங்கியிருந்தது.

“நாளைக்கு வாங்க, ஊத்தித் தரேன்” என்றார் அண்ணி.

“மறுபடியும் கதம்பமா? ஒரு மணி நேரம் இருங்க, எஃகுல செஞ்சு தரேன். உங்க பேரன் காலத்துக்கும் தேயாது” என்றேன் நான். தேயாத கொக்கி என்றால் யாருக்குத்தான் கசக்கும்? வாங்கிக்கொண்டு போனார். பழைய கொக்கியை நானே குப்பையில் வீசினேன்.

மூன்று வாரம் கழித்துக் கொக்கியையும் பல்வரிசையையும் கழற்றிக்கொண்டு அவர் மறுபடி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. வாடிக்கையாளர் ஒருவரைச் சாய்த்துக் கழுத்தில் கத்தியை வைத்திருக்கிறார். பலகை சட்டென்று கீழே இறங்கிவிட்டது. காதுக்குக் கீழே ஒரு கோடு. ஆழமில்லை. ஆனால் செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது.

“நாலு நாளா ஒருத்தரும் உக்காரலை அண்ணே. வராங்க, பேப்பர் படிக்கிறாங்க, போயிடறாங்க. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா கடைய மூட வேண்டியதுதான்.”

என் கொக்கி புத்தம் புதிதாக மின்னியது. பித்தளைப் பற்கள்தான் மூன்று இடத்தில் எலி கடித்ததுபோல் தேய்ந்து கிடந்தன. என் எஃகு அவற்றைத் தின்றிருந்தது.

அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நாற்காலி செஞ்சவன் கஞ்சத்தனத்துல கதம்பம் போடலை தம்பி. ரெண்டு உரசினா ஒண்ணு தேஞ்சுதான் ஆகணும். சுலபமா மாத்தக்கூடியது தேயட்டும்னு விட்டிருக்கான்.”

பல்வரிசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பற்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே சாய்வு. இரண்டு முனையிலும் ஒரே அளவுத் துளை. “தலைகீழா மாட்டிடலாம். மறுமுனைப் பல்லெல்லாம் இன்னும் வேலையே பாக்கலை.” இருபது வருஷமாக லேத்தில் நிற்கிற எனக்கு அது தோன்றவே இல்லை.

கொக்கிக்கு அச்சு வேண்டுமே, பழையதைத்தான் நான் குப்பையில் வீசிவிட்டேனே. என் எஃகுக் கொக்கியையே கேட்டு வாங்கி, ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்று அதன்மேல் ஒரு சுற்றுக் காகிதம் ஒட்டி, மணலில் அழுத்தினார். வெட்கத்தையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கதம்பத்தை உருக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்கை செய்யாது. அப்படியே இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் குழம்பாகிவிடும். சூடு மிஞ்சினால் புகைந்து பாழாகும். அண்ணி ஒரு தீக்குச்சியைத் திருப்பிப் பிடித்து, அதன் மரமுனையால் மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மரம் எவ்வளவு கருகுகிறது என்பதுதான் அவருடைய கணக்கு. மூன்றாவது குச்சியில் தலையசைத்து, ஒரே மூச்சில் ஊற்றினார். கை ஒரு இழைகூட நடுங்கவில்லை. அந்தக் கையைக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

மறுநாள் காலை கடைக்குப் போய் மாட்டினோம். பெஞ்சில் வழக்கம்போல் மூன்று பேர், மூன்று பேப்பர்.

“யாராவது உக்காருங்களேன்” என்றார் முடிதிருத்துகிறவர். மூன்று பேப்பரும் இன்னும் கொஞ்சம் மேலே ஏறின.

அண்ணி என்னைப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டியதே இல்லை, நான் ஏற்கெனவே சட்டைக் காலரை மடித்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலி சாய்ந்தது. டக், டக், டக். நுரை பூசினார். கத்தி என் தொண்டைக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. அவர் விரல் நடுங்குவது என் தோலில் தெரிந்தது. நாற்காலியை மட்டுமல்ல, தன் கையையும் நம்பாத மனுஷனாக என் எஃகு அவரை ஆக்கிவிட்டிருந்தது.

அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். சத்தமில்லாமல் முதுகுப் பலகையின் மேல் விளிம்பில், என் தலைக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் ஊன்றித் தன் முழு எடையையும் போட்டார். பலகை மயிரிழைகூட அசையவில்லை.

“நீங்க வேலையப் பாருங்க” என்றார் அவரிடம்.

கத்தி இறங்கியது. முதல் இழுப்பு தயங்கித் தயங்கி வந்தது. மூன்றாவது இழுப்பில் அவர் பழையபடி சீட்டியடிக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணி எப்போது கையை எடுத்தார் என்று எனக்குத் தெரியவே இல்லை.

துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டபோது பெஞ்சிலிருந்த ஒருவர் பேப்பரை மடித்துக்கொண்டு என் தலைமாட்டில் நின்றிருந்தார்.

“எழுந்திருப்பா, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு.”

“ரெண்டு நிமிஷம் சார்” என்றேன். உடனே எழுந்திருக்க எனக்கு மனசு வரவில்லை.