ஏழாவது நகம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான்தான். ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவன். ஞாயிறு மலர்களுக்குக் கதையும் எழுதுகிறவன். இரண்டு வேலையிலும் அடுத்தவர் வாக்குமூலத்தைத் திருத்திப் பழகிவிட்டேன்.

2

‘தைப்பிங் மலையடிவாரத்தில் மழை விடவேயில்லை. கூண்டுக்குள் புலி…’

வேண்டாம். புலியில் தொடங்கினால் நீங்கள் பிச்சைமுத்து அண்ணனைப் பார்க்கமாட்டீர்கள்.

இப்போது, 1988இல், அவர் லகாட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலிருக்கும் ஜாகா. எழுபதுகளில் அந்த மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்தில், மாடடிக்கும் புலிக்குக் கூண்டு வைத்தவர். ஒன்பது ஆண்டுகளில் ஆறு புலிகள் சிக்கின. சிக்கியதைச் சுட்டுவிடுவார்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு நகம் அவருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் நிறைய இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் நம்பினார்.

(அவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. மாட்டைப் பறிகொடுத்த காளியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை எங்கே ஒளித்துவைப்பது?)

3

சென்ற ஆண்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தார். வேட்டையில் செத்த புலிகளின் நகம், பல், தோல் எதுவானாலும் கேட்டார். நகத்தடியில் காய்ந்த சதையில் மரபணு இருக்கிறதாம். எந்தப் புலி எந்தத் தாய்வழி, பேராக் காடுகளில் எத்தனை வழிகள் இருந்தன, எத்தனை மிஞ்சின என்று பார்க்கலாமாம். அண்ணன் ஆறு நகங்களையும் கொடுத்தார். பதில் ஆங்கிலக் கடிதமாக வந்தது. படித்துச் சொல்ல என்னிடம் கொண்டுவந்தார்.

ஆறும் ஒரே தாய்வழி என்றது கடிதம். தாயும் பிள்ளைகளுமா, உடன்பிறப்புகளா என்று சொல்ல முடியாது. அந்த வழிப் புலி வேறெங்கும் இதுவரை கிடைக்கவில்லை.

“என்னா போட்டிருக்கு தம்பி?”

“ஆறும் வேற வேற எடத்துப் புலியாம்ணே.”

“அப்படியா. நாலாவது செத்த கூண்டுகிட்ட அஞ்சாவது வந்து ரெண்டு நாளு படுத்துக் கெடந்துச்சு. அதான் மனசு கேக்கல.”

பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு நகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். சின்ன நகம். எழுபத்தொன்பதில் ஓர் இளம்புலி இதைக் கூண்டுக் கதவில் விட்டுவிட்டுத் தப்பி ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் கூண்டே வைக்கவில்லை.

“இதையும் அனுப்பு. இது யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டுச் சொல்லு.”

4

நான் அனுப்பவில்லை. நான்கு மாதம் இழுப்பறையில் கிடந்தது. எந்தப் பதில் வந்தாலும் அது முதல் ஆறோடு ஒப்பிட்டுத்தான் பேசும்; என் பொய் வெளிப்பட்டுவிடும். அதற்குப் பயந்து, பதிலை நானே எழுதினேன். இரண்டு.

முடிவு அ: அதே தாய்வழி. அந்தக் குடும்பத்தில் ஒன்றாவது தப்பியிருக்கிறது.

முடிவு ஆ: வேறு வழி. அப்படியானால் அந்தக் குடும்பத்தின் கடைசிப் புலியும் அண்ணனுடைய கூண்டில்தான்…

முதலாவது நன்றாகவே வந்திருந்தது. எனக்குத்தான் அதை நம்ப முடியவில்லை.

5

போன ஞாயிறு, முகமது இப்ராஹிம் தேநீர்க்கடையில், இதுவரை நீங்கள் படித்ததை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். நேராகச் சொல்ல வாய் வராததால்தான் இதை எழுதவே தொடங்கினேன். வெட்கமாக இருந்தது.

“தெரியும் தம்பி,” என்றார். “கடுதாசி படிக்கறப்பவே ஒன் மூஞ்சியப் பாத்தேன்.”

தேநீரை ஆற்றி ஒரு மிடறு குடித்தார். பிறகு கேட்டார்: “அந்த ரெண்டு முடிவும் நீ எழுதுனதுதானே?”

“ஆமாண்ணே.”

“அப்ப எனக்கு வேணாம்லா. நகத்த அனுப்பு.”

திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் உறையை அவர் பிரிப்பார். ஒரு சொல்லும் மாற்றாமல் நான் வாசிப்பேன். அதற்குள் நீங்கள் ஒரு முடிவுக்கு ஆசைப்பட்டிருந்தால் (முதலாவதற்குத்தான், தெரியும்) அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.