பன்றிக்கும் இடம் உண்டு

பழப்பெட்டி தூக்கித் தூக்கி நோல்வியாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வேலை முடிந்து கட்டையைச் சாய்க்க வழியில்லை. மேலே மலையில் பேய்மழை. உலுவா ஆறு ஏறுகிறது என்று போன் வந்துவிட்டது. அவள் குடியிருக்கும் தாழ்வான தெருவுக்கு வெள்ள எச்சரிக்கை சொல்வது அவள் பொறுப்பு. இருட்டுவதற்குள் எல்லோரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாக வேண்டும்.

நகராட்சி கொடுத்த காகிதத்தைக் கை மைக்கில் வாசித்தாள். "பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு..."

ஒருவரும் அசையவில்லை. எல்லோர் கண்ணும் தெருப் பெரியவர் காசிமிரோவின் வாசலில். அவர் சினைப் பன்றியின் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"கெளம்புங்க மாமா. தண்ணி வருது."

"அந்தக் காகிதத்துல என் பன்னியப் பத்தி எதாவது போட்டிருக்கா?"

"பன்னிக்கெல்லாமா போடுவாங்க?"

"போன தடவ நீ சொன்னேனு வெறுங்கையோட போனேன். திரும்பி வந்தா ஒண்ணு செத்து மெதக்குது. ஒரு வருசச் சோறு புள்ள அது. நீயா போட்ட?"

நோல்வியா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். மைக்கை வாயருகே வைத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! பன்னி, கோழி, ஆடு எல்லாத்தையும் ஓட்டிட்டு வாங்க. பள்ளிக்கூடத்துல எடம் இருக்கு!"

யாரும் அவளுக்கு அப்படி அனுமதி கொடுத்திருக்கவில்லை.

தெருவே கிளம்பிவிட்டது. காசிமிரோ பன்றியின் காலில் கயிறு கட்டி முன்னால் நடந்தார். இருட்டும் நேரத்தில் தண்ணீர் தெருவுக்குள் புகுந்தபோது அங்கே ஒரு கோழிகூட இல்லை.

தலைமையாசிரியை ஒந்தினா பள்ளி வாசலை மறித்து நின்றார். "இது பள்ளிக்கூடமா, சந்தையா? யாரக் கேட்டு மைக்குல சொன்ன?"

"யாரையும் கேக்கல டீச்சரம்மா. சொல்லலேன்னா ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க."

ஒந்தினா நனைந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு விலகினார். "மூணாங்கிளாஸ்ல கட்டு. தண்ணி வடிஞ்சதும் நீதான் கழுவித் தரணும்."

"தரேன்."

அன்றிரவு பீன்ஸ் மடித்த ரொட்டியை எல்லோரும் பங்கிட்டுத் தின்றார்கள். கரும்பலகைக்குக் கீழே பன்றி குறட்டை விட்டது.

"பாருங்க டீச்சர், ஒங்க பசங்கள விட அடக்கமா இருக்கு" என்றார் காசிமிரோ. ஒந்தினாவே சிரித்துவிட்டார்.

தண்ணீர் வடிந்தது. ஜனங்கள் பன்றி கோழியோடு வீடு திரும்பினார்கள். நோல்வியாவுக்குப் பெட்டி தூக்கும் வேலையில் ஒரு நாள்கூட லீவு கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாமரத்தடியில் படிக்கிறார்கள். அவர்கள் அறையை அவள் இன்னும் கழுவித் தரவில்லை.