சதுப்பில் கட்டிய பாத்தி

லண்டன் மோர்டனில் ஒரு தமிழ் வீட்டில் குழம்பு அடிப்பிடித்தால் அடுத்த தெருவுக்கு அதன் காரணமும் தெரிந்துவிடும். கனகாம்பிகை இந்தச் சேவையில் பல வருடம் உழைத்தவர். அதனால்தான், தன் மகன் நிர்மலனைப் பற்றி ஊர்வாயில் ஒரு கதையும் இல்லை என்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

நிர்மலன் 2009இல், போரின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமற்போனவன். உடலும் இல்லை, கண்டவரும் இல்லை. ஆகவே கனகாம்பிகை அவனுக்குத் திதி கொடுப்பதில்லை. பிறந்தநாளுக்குக் கேசரி கிண்டுவார். ஆத்மசாந்தி, அது இது என்று யாராவது வாயெடுத்தால் அந்த வீட்டுக் கலியாணத்துக்குக்கூட அவர் போனதில்லை.

2012இல் பழைய மாணவர் சங்கத் தலைவர் இராஜேந்திரன் ஒரு பஸ் பிடித்தார். நல்ல மனிதர், மைக்கைக் கண்டால் மட்டும் கை சும்மா இராது. ஸ்கொட்லாந்தின் வடக்கு முனையில், ஒரு நிலச்சொந்தக்காரரின் ஊசியிலைக் காட்டில் காற்று மரங்களை விழுத்தியதால் வெறுமையான இடமொன்று கிடைத்திருந்தது. அங்கே காணாமற்போனவர்கள் பெயரில் கன்று நடுவது திட்டம். மற்றவர்களிடம் நினைவு மரம் என்றார். கனகாம்பிகையிடம் ஆயுள் மரம் என்றார். தலைவர் என்றால் அப்படித்தான், ஆளுக்கேற்ற பேச்சு.

நட்ட கையோடு எல்லோரும் கன்றைச் சுற்றிப் பாத்தி கட்டினார்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு சொட்டும் ஓடவிடாமல் பழகிய யாழ்ப்பாணத்துக் கைகள் வேறென்ன செய்யும்? அந்த நிலமோ மிதித்த இடமெல்லாம் தண்ணீர் கக்கியது. காட்டைப் பராமரிக்கும் வெள்ளைக்காரன் தலையில் கைவைத்துக் கத்தினான். அது எங்கள் சமயச் சடங்கு என்று சொல்லி இராஜேந்திரன் அவன் வாயை அடைத்தார். கனகாம்பிகை கட்டிய பாத்திதான் எல்லாவற்றிலும் உயரம்.

அதன்பிறகு ஒவ்வொரு கோடையும் இராஜேந்திரன் படம் கொண்டுவந்து கொடுத்தார். நிர்மலன் என்று பெயர்த்தகடு தொங்கும் ஒரு சிறிய ஊசியிலை மரம். கனகாம்பிகை அதைச் செத்தவர்களின் படங்களோடு வைக்கவில்லை, டீவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

போன வருடம் செய்தி வந்தது: அந்தக் காடு முழுவதையும் வெட்டப்போகிறார்கள். வெட்டச் சொல்லும் ஆராய்ச்சிக் கூட்டத்தில் லண்டனின் மறுமுனையில், பிளேஸ்டோவிலிருக்கும் கனகாம்பிகையின் தங்கை மகள் கம்சிகாவும் ஒருத்தி. ஊருக்கு அன்று வேறு கதை வேண்டியிருக்கவில்லை.

“உனக்கு வெட்ட வேறை காடு கிடைக்கேல்லையோடி?” என்று கனகாம்பிகை கேட்டார்.

“பெரியம்மா, அங்கை காடு நிண்டதே பிழை,” என்றாள் கம்சிகா. “அது ஆயிரக்கணக்கான வருசமாப் பாசி உக்காமல் படிஞ்ச கறுத்த சதுப்பு. உலகத்தைச் சூடாக்கிற கரியைப் பிடிச்சு வைச்சிருக்கிற நிலம். முதலிலை ஆடு வளர்க்கவெண்டு அங்கையிருந்த சனத்தைக் கலைச்சவங்கள். பிறகு பணக்காரர் வரி மிச்சம் பிடிக்கிறதுக்குச் சதுப்பை உழுது, வாய்க்கால் வெட்டி, இந்த மரத்தை நட்டவங்கள். மரம் தண்ணியை உறிஞ்ச நிலம் காயுது. இப்ப கோடையும் வரவரச் சூடு. காய்ஞ்ச சதுப்பு பிடிச்சிச்செண்டால் அணைக்கேலாது.”

“சனத்தைக் கலைச்சது, மரத்தை நட்டது, மரத்தை வெட்டுறது. எல்லாம் நல்லதுக்குத்தான், என்ன? எங்கடை சனத்தையும் நல்லதுக்கெண்டுதான் பாதுகாப்பு வலயத்துக்குள்ளை போகச் சொல்லிப்போட்டு ஷெல் அடிச்சவங்கள்.”

கனகாம்பிகை டீவிக்குப் பக்கத்திலிருந்த படத்தை எடுத்து அவள் முன்னே நீட்டினார்.

“ஒரு மரத்தை விடேலாதோ? ஒண்டே ஒண்டு.”

“ஒண்டை விட்டால் விதை காத்திலை பறந்து திரும்பவும் முளைச்சிடும், பெரியம்மா. கேட்டுப் பாத்தனான். ஏலாதெண்டிட்டினம்.”

மாசியில் வெட்டினார்கள். அடுத்த ஞாயிறு கம்சிகா ஒரு பொதியோடு வந்தாள். பெயர்த்தகடு தொங்கிய மரத்தின் அடியில் ஒரு வட்டத் துண்டு வெட்டி, தேய்த்து மினுக்கியிருந்தாள். பெரியம்மா அதையாவது வைத்திருக்கட்டும் என்ற நினைப்பு. துக்கம் விசாரிக்கிற மாதிரியும் இல்லாமல் விசாரிக்காத மாதிரியும் இல்லாமல் இராஜேந்திரன் வந்திருந்தார். பக்கத்து வீட்டு லூர்தம்மா சீனி கேட்டு வந்து, சீனியை வாங்கியும் போகாமல் இருந்தார்.

“வருசத்துக்கு ஒரு வளையம்,” என்று கம்சிகா பென்சில் முனையை வெளி விளிம்பில் வைத்து, சில வளையம் உள்ளே தள்ளினாள். “இந்தா, இது தடிப்பா இருக்குதெல்லோ, இது 2018. நல்ல வெயில் வருசம். நிலத்துக்குக் கூடாது, மரத்துக்குக் கொண்டாட்டம்.”

“என்ரை பிள்ளை நல்லா வளர்ந்திருக்கிறான்,” என்றார் கனகாம்பிகை.

பென்சில் உள்ளே நகர்ந்தது. 2015. 2014. 2012. கம்சிகா நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“ஏன் நிப்பாட்டிட்டாய்? எண்ணு.”

“காணும் பெரியம்மா, போதும்.”

“உள்ளுக்கு இன்னும் கிடக்குது. எனக்குக் கண் தெரியும். எண்ணடி.”

கம்சிகா எண்ணினாள். 2009. 2007. 2004. அதற்குப் பிறகும் நடுவில் ஒன்றிரண்டு இருந்தன. 2012இல் நட்டது முழங்கால் உயரக் கன்று, இரண்டு மூன்று வயதுதான் இருக்கும். இந்த மரமோ நிர்மலன் காணாமற்போக முந்தியே முளைத்திருந்தது. சதுப்பில் குட்டையாய் நின்றதால் பார்வைக்குக் கன்று.

கனகாம்பிகை துண்டைப் பார்க்கவில்லை, இராஜேந்திரனைப் பார்த்தார்.

“நான் நட்டது எங்கை, தம்பி?”

மைக் இல்லாமல் இராஜேந்திரனுக்குப் பேச்சு இடறியது. “அக்கா, அது முதல் வருசமே பட்டுப்போச்சு. பாத்திக்குள்ளை தண்ணி நிண்டு வேர் அழுகிப்போச்சு. உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது? பக்கத்திலை தானா முளைச்சு நிண்டதிலை தகட்டை மாட்டிவிட்டனான்.”

“எல்லாரும் உங்கடை நன்மைக்குத்தானே கனகாக்கா பாத்தனாங்கள்,” என்றார் லூர்தம்மா. “அதையும் இதையும் சொல்லி, பிறகு நீங்கள் தாங்குவியளோ எண்டு...”

“எதையெதை?” என்றார் கனகாம்பிகை.

லூர்தம்மா சீனிப் பையின் வாயை இறுக்கி முடிந்தார்.

கனகாம்பிகை விடுகிற ஆளில்லை. மற்றவர்களின் வீட்டு இரகசியங்களை இதே மாதிரி எத்தனை முறை பிடுங்கியிருப்பார்! பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்தால் ஆட்கள் தாங்களே கக்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். இராஜேந்திரன் கக்கினார்.

“பங்கரிலை நிர்மலனுக்குப் பக்கத்திலை இருந்த பெடியன் ஒருத்தன் தப்பி இஞ்சை வந்தவன், அக்கா. ஷெல் விழேக்கை கண்டவன். தன்ரை கையாலைதான் மண் போட்டதாம். எனக்கு மட்டும்தான் சொன்னவன்.”

இராஜேந்திரன் மனைவிக்கு மட்டும்தான் சொன்னார். மனைவி லூர்தம்மாவுக்கு மட்டும். கனகத்துக்குச் சொல்லிவிடாதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே மோர்டன் முழுக்கத் தெரிந்தது. எதையும் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாத ஊர், இதை மட்டும் பதினைந்து வருடம் வைத்திருந்தது. ஆயுள் மரத்தைச் சுற்றி நின்று கைதட்டியபோதும் வைத்திருந்தது.

“ஆரவன்?”

“கிருஷாந் எண்டு. பிளேஸ்டோவிலை மரக்கறிக் கடை வைச்சிருக்கிறான்.”

கனகாம்பிகையின் முகம் அப்போதுதான் மாறியது. தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் நுழையும் கடை அது. “மெலிஞ்ச பெடியன். எனக்கு எப்பவும் பாகற்காய் ரெண்டு கூடப் போட்டுவிடுவான். வேண்டாமெண்டாலும் விடமாட்டான்.”

கனகாம்பிகை மரத்துண்டை மேசையோரம் தள்ளி வைத்தார்.

“என்ரை பிள்ளையைக் கடைசியாக் கண்டவனோடை இவ்வளவு காலமும் நான் பாகற்காய்க் கைப்பைப் பற்றிக் கதைச்சிருக்கிறன்,” என்றார். எழுந்து கோட்டை மாட்டினார். “கம்சிகா, வெளிக்கிடு.”

“இப்பவோ பெரியம்மா?”

“பிறகு எப்ப?”

இரண்டு ரயில் மாறிப் பிளேஸ்டோ போய்ச் சேர்வதற்குள் மோர்டன் தன் வேலையைத் தொலைபேசியில் முடித்திருந்தது. ஞாயிறு பின்னேரம், வியாபாரம் நடக்கிற நேரம், கடையின் இரும்புக் கதவு அரைவாசிக்கு இறங்கியிருந்தது. உள்ளே யாரோ மீதியையும் இறக்கக் கொக்கியைத் தேடும் சத்தம் கேட்டது.

கனகாம்பிகை சேலைக் கொய்யக மடிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து உள்ளே போனார்.